பிபிங்கா

பிபிங்கா பிலிப்பைன்ஸ் நாட்டின் மரபுவழி அரிசிக் கேக். அரைத்த அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, அடியிலும் மேலேயும் தணல் வைத்துச் சுடுவார்கள். ஆண்டு முழுவதும் கிடைத்தாலும் இது கிறிஸ்துமஸ் காலப் பண்டமாகவே பெயர்பெற்றது. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியலுக்கு முன் நடக்கும் 'சிம்பாங் கபி' என்ற ஒன்பது நாள் பூசைகள் முடிந்ததும், தேவாலய வாசல்களில் சுடச்சுட விற்பார்கள். மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிற அரிசிப் பண்டமான புட்டோ பும்போங்கும், சலாபாட் என்னும் இஞ்சி பானமும் இதற்குத் துணை.

மாவு

அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீர் விட்டுக் கல்லில் அரைத்தெடுத்த மாவுக்குக் 'கலாபோங்' என்று பெயர். உலர்ந்த அரிசியைத் திரித்த மாவைவிட இது நைசாக இருக்கும். கேக்கும் மென்மையாக வரும். முன்பு 'துபா' எனப்படும் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் பொங்கவைத்தார்கள். ஆப்பமாவில் கள் செய்யும் வேலைதான் இங்கும். செபூவை அடுத்த மண்டாவே நகரத்துப் பிபிங்காவின் லேசான புளிப்பு மணத்துக்குக் காரணம் இந்தக் கள்தான். இன்று பெரும்பாலான வீடுகளில் கள்ளின் இடத்தைப் பேக்கிங் பவுடர் பிடித்துவிட்டது.

அரிசியில் குளூட்டன் கிடையாது. கேக்கைத் தாங்கி நிறுத்துவது முட்டையும், வெந்து கெட்டிப்படும் அரிசி ஸ்டார்ச்சும்தான். மாவு தோசைமாவைவிட நீர்த்திருப்பதால் பேக்கிங் பவுடரின் குமிழ்கள் சீக்கிரம் வெளியேறிவிடும். ஆகவே கலக்கியவுடன் சுட வேண்டும்.

அனல்

பிபிங்காவின் தனித்தன்மை மேலிருந்து வரும் அனலில் இருக்கிறது. மண்சட்டியின் மேல் தகரத் தட்டை மூடி, அதில் எரியும் கரியைப் பரப்புவார்கள். அடியனல் மாவை வேகவைக்கும். மேலனல் பரப்பைச் சிவக்கவைத்து, அங்கங்கே கருகல் புள்ளிகள் போடும். இலையின் ஓரம் தீய்ந்து, அந்தப் புகைமணம் கேக்கில் இறங்கும். வீட்டு ஓவனில் செய்பவர் மறக்கக் கூடாதவை இந்த மேலனலும் இலையுமே.

வீட்டில் செய்முறை

ஓவனை 190 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்க வேண்டும். வாழையிலையை அடுப்புத் தீயில் லேசாகக் காட்டினால் மேல்மெழுகு உருகிப் பளபளக்கும். இலையும் கிழியாமல் வளையும். அதை 15 முதல் 18 செ.மீ. அகலமுள்ள இரண்டு கேக் தட்டுகளில் விளிம்புக்கு மேல் நீளும்படி விரித்து வெண்ணெய் தடவ வேண்டும்.

1 கப் அரிசி மாவு, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ள வேண்டும். 3 முட்டையை முக்கால் கப் சர்க்கரையுடன் அடித்து, 1 கப் கெட்டித் தேங்காய்ப்பால், கால் கப் பால், 3 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் சேர்த்து, மாவைக் கட்டியில்லாமல் கலந்து தட்டுகளில் ஊற்ற வேண்டும்.

சுமார் 15 நிமிடத்தில் மேற்பரப்பு இறுகும். அப்போது உப்பிட்ட வாத்து முட்டைத் துண்டுகளையும் பாலாடைக்கட்டியையும் பரப்பி, மேலும் 15 நிமிடம் சுட வேண்டும். முதலிலேயே போட்டால் இவை மாவுக்குள் அமிழ்ந்துவிடும். கடைசி இரண்டு நிமிடம் ஓவனின் மேற்கம்பியை மட்டும் எரியவிட்டால் பரப்பு நன்றாகச் சிவக்கும். அந்நேரம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. சூடு ஆறுமுன் வெண்ணெய் தடவி, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் தூவிப் பரிமாறலாம்.

மேலே இடுபவை

'கேசோங் புத்தி' என்பது கரபாவ் எருமைப்பாலில் செய்யும் வெண்ணிறப் பாலாடைக்கட்டி. சாதாரண முட்டையிலிருந்து பிரித்தறிய, உப்பிட்ட வாத்து முட்டையின் ஓட்டுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி விற்பார்கள். இனிப்பு மாவு, உப்பு முட்டை, வெண்ணெய், பச்சைத் தேங்காய் நான்கும் ஒரே வாயில் சேரும்போதுதான் பிபிங்காவின் சுவை முழுமை பெறுகிறது.

வகைகள்

'பிபிங்காங் மலக்கிட்' பசையரிசியில் செய்வது. மேலே தேங்காய்ப்பாலும் பழுப்புச் சர்க்கரையும் காய்ச்சிய பாகு படர்ந்திருக்கும். அரிசிக்குப் பதில் துருவிய மரவள்ளிக்கிழங்கில் செய்வதும் உண்டு. விகான் நகரப் பக்கத்தில் கிடைக்கும் 'ராயல் பிபிங்கா' சிறியது, தட்டையானது, பாலாடைக்கட்டி பரப்பியது.

கோவாவில் பெபிங்கா என்றொரு பண்டம் உண்டு. மைதாவும் முட்டை மஞ்சள் கருவும் தேங்காய்ப்பாலும் கலந்து அடுக்கடுக்காகச் சுடும் அதன் பக்குவம் வேறு. ஆனால் ஒவ்வொரு அடுக்கையும் மேலனலில் சிவக்கவைக்கும் முறை அதற்கும் உரியது.