மாட்டுக்காகப் போட்ட சாலை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,500 மீட்டர் ஏற வேண்டும். என் பழைய புல்லட் அதைப் பெரும்பாலும் செகண்ட் கியரிலும் தேர்டு கியரிலும் முக்காமல் முனகாமல் ஏறிவிடுகிறது. அந்தப் பெருமை வண்டிக்குச் சேராது. இந்தச் சாலையின் ஏற்றம் இன்ஜினை மனத்தில் வைத்துப் போட்டதல்ல. பாரவண்டி இழுக்கும் மாட்டின் மூச்சைக் கணக்கிட்டுப் போட்டது.

நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தனியாகப் போனால் நினைத்த வளைவில் நிறுத்திச் சுவரைத் தடவிப் பார்க்கலாம். “இங்க என்ன இருக்குன்னு நிக்கறீங்க?” என்று பின்சீட்டிலிருந்து யாரும் கேட்கமாட்டார்கள்.

நீலகிரி மலையில் வழியே இல்லாமல் இருந்ததில்லை. தோடர்களும் கோத்தர்களும் படுகர்களும் நடந்த ஒற்றையடித் தடங்கள் முன்பே இருந்தன. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு ஆங்கில அதிகாரிகள் மேலே போய் வந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் தணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து ஏறி, கோத்தகிரி அருகே திம்பட்டியை அடைந்தார். அவர் புறப்பட்ட கோட்டை இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது.

அதன் பிறகு லெப்டினன்ட் மெக்பெர்சனின் மேற்பார்வையில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டினார்கள். 1823-இல் முடிந்த அந்தப் பாதையில் குதிரை போகும், பொதிமாடு போகும், பல்லக்கும் போகும், சக்கரம் போகாது. மேலே வந்த துரைமார்களில் பலர் ஆள் தோளில்தான் வந்தார்கள். 1834-இல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க்கைப் பார்க்க ஊட்டிக்கு வந்த மெக்காலே, சென்னையிலிருந்து மைசூர் வழியாக ஏறக்குறைய 400 மைல் தூரத்தையும் பல்லக்கிலேயே கடந்தார். தூக்கியவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் கண்ணில் படவில்லை.

சக்கரத்துக்கு வழிவிட்டது குன்னூர்ப் பக்கம். கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830-க்கும் 1832-க்கும் இடையில், லெ ஹார்டி என்ற அதிகாரி முதல் குன்னூர் மலைப்பாதையை அமைத்தார். பாதை கிடைத்ததே தவிர ஏற்றம் கடுமை. பாரம் ஏற்றிய வண்டிகள் திணறின. 1871-இல் கர்னல் லா வேறு தடம் பிடித்தார். மலைச்சாலையின் கணக்கே உயரத்தை நீளமாக மாற்றுவதுதான். சரிவை ஒரே சீராக வைத்துக்கொண்டு மலையை ஒட்டியே போக வேண்டும். இடம் தீர்ந்தால் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும் இடங்களைத்தான் நாம் கொண்டை ஊசி வளைவு என்கிறோம். குன்னூருக்குக் கீழே உள்ள அருவிக்கு லாவின் பெயர் நிலைத்துவிட்டது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்ததும், ஸ்டேஷனில் இறங்கியவர்கள் குதிரை பூட்டிய டோங்கா வண்டியில் மலை ஏறினார்கள். 1899-இல் பல்சக்கர ரயில் குன்னூரைத் தொட்டது. சுமார் 12 அடிக்கு 1 அடி ஏறும் அந்தத் தண்டவாளத்தின் செங்குத்தைச் சாலை ஒருநாளும் பொறுத்திருக்காது.

குன்னூர் போகும் வழியில், பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டினால், கருங்கல் தாங்குசுவர் ஒன்றைப் பார்க்கலாம். தண்ணீர் வடிய இடையிடையே விட்ட வீப் ஹோல் துளைகளில் பெரணி முளைத்திருக்கிறது. மழை விட்ட பிறகும் அவற்றில் தண்ணீர் கசிகிறது. மலைக்குள் இறங்கும் நீரை வெளியே விட்டால்தான் சுவர் நிற்கும். சாலையின் உட்புற வடிகாலுக்கும் அதே வேலைதான். அதில் மண்ணும் பிளாஸ்டிக் பாட்டிலும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தார் மேலே ஏறும், பிறகு விளிம்பை அரிக்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரும் சாலைப் பணியாளரின் மண்வெட்டியை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

இறங்குவது கோத்தகிரி வழியாக. சீசனில் போலீஸாரும் இப்படித்தான் ஒருவழியாக்கிவிடுகிறார்கள்: ஏற்றம் குன்னூரில், இறக்கம் கோத்தகிரியில். 1870-களில் திருத்திக் கட்டிய இந்தப் பழைய பக்கம், புதிய பக்கத்தின் நெரிசலைச் சுமக்கிறது. குஞ்சப்பனை வரை கியரை இறக்கி, இன்ஜின் பிடிப்பிலேயே வருவேன். பிரேக்கை நம்பி மட்டும் இறங்குகிறவர்களின் வண்டியில் கருகல் நாற்றம் அடிக்கும்.

மெக்பெர்சன் காலம் தொட்டு இந்த மலைக்குச் செலவழித்த மூளையெல்லாம் ஒரே கேள்விக்குத்தான்: இன்னும் அதிகமாக எப்படி மேலே ஏற்றுவது? 2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. எத்தனை வண்டிகளை ஏற்றலாம் என்று நாம் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். இ-பாஸ் வாங்க எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலை போட்டவன் வரிசையில் நின்று சொல்கிறேன்: இன்னொரு சாலை வெட்டுவதைவிட இது நல்ல கேள்வி.