நான்காண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் வானொலி

1943-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கடினமான தேர்வு ஒன்றை எழுதி முடித்த கையோடு, மாணவர்கள் நடத்தி வந்த வானொலியின் அறைக்கு வந்தார். பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபரப்பினார். அந்த நிலையம் தன் மிகப் பெரிய வழக்கம் பிறந்த கதையாக இன்றும் சொல்லி வருவது இதைத்தான். கேட்பதற்குச் சின்னக் கதை. கிராமபோன் தட்டுகளோடு பழகியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அன்று புழங்கியவை 78 சுற்றுத் தட்டுகள். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிடம்தான் ஓடும். ஒன்பது சிம்பொனிகளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அப்படியென்றால் எண்பது தடவையாவது தட்டைத் திருப்பியோ மாற்றியோ வைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் முடியும் இடத்தில் இசை முடிந்திருக்காது. வாக்கியத்தின் நடுவில் அறுந்து நிற்கும். அடுத்த தட்டில் ஊசியைச் சரியான நொடியில் இறக்கி அந்த அறுப்பை மறைக்க வேண்டும். தேர்வு எழுதிக் களைத்த கை அதைச் செய்திருக்கிறது.

தமிழ்நாட்டில் வானொலி நிலைய டியூட்டி ரூமில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பூல் டேப்பும், கியூ ஷீட்டும், சுவர்க் கடிகாரமும்தான் என் உலகம். அதனால் அந்த மாணவரின் பெயர் தெரியாவிட்டாலும் அவர் செய்த வேலை என் கைக்குத் தெரியும்.

2019 டிசம்பரில் பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து ஊர் கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட் அங்கேதான். சமையலறையில் இருந்த சின்ன ரேடியோவில் 95.3 என்ற எண்ணில் அந்த ஹார்வர்ட் மாணவர் வானொலியான டபிள்யூஎச்ஆர்பி கேட்டது. விடியற்காலையிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை ஜாஸ், பிறகு இரவு பத்து மணி வரை மேற்கத்திய செவ்வியல் இசை, அதன்பின் விடிய விடிய ராக். பேசுபவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். இசையமைப்பாளர், நடத்துநர், இசைக்குழு, தட்டு வெளியிட்ட நிறுவனம் என்று ஒன்று விடாமல் நிதானமாகச் சொன்னார்கள். ஃபில்லர் போட்டு நேரத்தை நிரப்பும் பழக்கமே அவர்களிடம் இல்லை. அரை மணிக்குள் கச்சேரியை அடக்கிப் பழகிய எனக்கு அது வேறு உலகமாக இருந்தது.

1943-இல் ஒரு மாணவர் செய்ததை அவருக்குப் பின் வந்தவர்கள் பழக்கமாக்கினார்கள். ஆண்டுக்கு இருமுறை, தேர்வுக் காலத்தில், வழக்கமான அட்டவணையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே இசையமைப்பாளரையோ கலைஞரையோ பாணியையோ எடுத்து மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக ஒலிபரப்புவார்கள். ‘ஆர்ஜி’ என்று பெயர். ஆசை தீர மூழ்குவது என்று பொருள் கொள்ளலாம். என்னென்ன உருப்படி, யார் வாசித்தது, எந்தத் தட்டு என்று நிகழ்ச்சிக் கையேட்டில் வரிவரியாக அச்சாகும். ஒருவரின் இசையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்பது தனி அனுபவம். முதல் சிம்பொனியில் ஹைடனின் பிள்ளையாக இருக்கும் பேத்தோவன் மூன்றாவதில் வேறு ஆளாகிவிடுவது, இரண்டையும் ஒரே நாளில் கேட்டால்தான் உறைக்கும்.

கல்லூரி வானொலி இதற்கும் முன்னால் தொடங்கியது. 1936-இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆபிரகாம், டேவிட் போர்ஸ்ட் என்ற இரண்டு மாணவர்கள் விடுதி அறைகளுக்கு இடையே கம்பி இழுத்து ஓர் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். மெல்லிய ரேடியோ அலையைக் கட்டடத்தின் மின்கம்பிகளிலேயே செலுத்துவது இந்த முறை. அந்தக் கட்டடத்தில் இருக்கும் ரேடியோவில் கேட்கும். தெருவுக்குப் போனால் கேட்காது. அலை வெளியே பரவாததால் உரிமம் தேவைப்படவில்லை. மற்ற கல்லூரிகளும் பின்பற்றின. 1940 டிசம்பரில் ஹார்வர்டின் மாணவர் நாளிதழான கிரிம்சன் தொடங்கிய வானொலிதான் பின்னர் இதழிலிருந்து பிரிந்து, 1951-இல் டபிள்யூஎச்ஆர்பி என்ற பெயரை எடுத்துக்கொண்டது. 1957-இல் அது பண்பலைக்கு வந்தபோதுதான் ஊராருக்கும் கேட்கத் தொடங்கியது.

பண்பலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அதைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். 1933 டிசம்பர் 26 அன்று அவருக்குக் காப்புரிமைகள் கிடைத்தன. இடி மின்னலின் கரகரப்பு இல்லாமல், வயலினின் உச்ச ஒலி வரை அப்படியே கொண்டு சேர்க்கும் ஒலிபரப்பு அது. மத்திய அலையில் ஒரு சிம்பொனியையும் பண்பலையில் அதே சிம்பொனியையும் கேட்டவர்கள் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரிய வானொலி நிறுவனங்களோடு காப்புரிமை வழக்காடியே ஆர்ம்ஸ்ட்ராங் நொந்துபோனார். 1954 ஜனவரி இறுதியில் தன் அடுக்குமாடி வீட்டிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, கடைசி வழக்கு 1967-இல் முடிந்தபோது வென்றிருந்தார். அந்த வெற்றியைப் பார்க்க ஆர்ம்ஸ்ட்ராங் இல்லை என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது. அவர் பாடம் நடத்திய கொலம்பியாவின் மாணவர் நிலையமான டபிள்யூகேசிஆர், ஒவ்வொரு டிசம்பர் இறுதியிலும் புத்தாண்டு வரை பாக்கின் இசையை நாள்கணக்கில் ஒலிபரப்பி வருகிறது.

1945-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தைக் கல்வி சார்ந்த, வணிக நோக்கற்ற நிலையங்களுக்கு ஒதுக்கியது. 1948-இல் வெறும் 10 வாட் சக்தியில்கூட நிலையம் நடத்தலாம் என்று அனுமதித்தது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் உள்ளே வந்தன. பின்னால் இந்த இடமே விலைமதிப்புள்ள மனையாகிவிட்டது. 2010, 2011 ஆண்டுகளில் நடந்ததைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம் தன் மாணவர் நிலையத்தின் அலைவரிசையை 95 லட்சம் டாலருக்கு விற்றது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் தன்னுடையதைக் கைமாற்றியது. நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் நிலையமும் கைமாறியது. மூன்று இடங்களிலும் மாணவர்கள் வெளியேறினார்கள். அந்த அலைவரிசையில் வந்து அமர்ந்தது முழுநேரச் செவ்வியல் இசை. ஹூஸ்டனில் வந்த செவ்வியல் நிலையம் சில ஆண்டுகளிலேயே மறுபடி விற்பனைக்கு வந்தது.

செவ்வியல் இசையை உயிராக நினைப்பவன் நான். ஆனாலும் மாணவர்களை வெளியேற்றிவிட்டு அந்த இசையைக் குடிவைத்தது தவறு என்றே சொல்வேன். இருபது வயதில் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு குவார்டெட்டை அறிமுகம் செய்ய நேர்ந்தால், அதற்காக ஒரு வாரம் படிப்பார், தேடுவார், வாழ்நாள் முழுக்க அதை விடமாட்டார். டேவிட் எலியட் என்பவர் 1964-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு அந்த நிலையத்தில் ஓபராவையும் பழைய ஒலிப்பதிவுகளையும் அறிமுகம் செய்துகொண்டு, புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் துணையாக இருந்தார். அப்படி ஒருவரைச் சம்பளம் கொடுத்து உருவாக்க முடியாது. ஹார்வர்ட் நிலையத்தின் உரிமம் மாணவர்கள் அமைத்த தனி அமைப்பின் பெயரில் இருக்கிறது. செலவுக்கு விளம்பரமும் நேயர்களின் ஆதரவும். பல்கலைக்கழகம் நினைத்தால் ஒரு கையெழுத்தில் விற்றுவிட முடியாத ஏற்பாடு இது.

பிறகு 2020 மார்ச் வந்தது, கொரோனாவும் வந்தது. பத்தாம் தேதி ஹார்வர்ட் தன் மாணவர்களுக்கு, பதினைந்தாம் தேதிக்குள் விடுதிகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. பன்னிரண்டாம் தேதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா கதவைச் சாத்தியது. 2021 செப்டம்பர் வரை அது திறக்கவில்லை. 22-ஆம் தேதியிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் கிடையாது என்றாயிற்று. நான் சாமர்வில்லிலேயே நின்றுவிட்டேன். அந்த ஆண்டு பேத்தோவன் பிறந்த 250-ஆவது ஆண்டு. உலகம் முழுக்கத் திட்டமிட்டிருந்த ஒன்பது சிம்பொனி விழாக்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. இசைக்கு மிஞ்சியது பதிவும் வானொலியும்தான்.

ஹார்வர்ட் நிலையம் இருப்பது பென்னிபேக்கர் என்ற மாணவர் விடுதியின் அடித்தளத்தில். நாடு முழுக்க மாணவர் நிலையங்கள் இப்படித்தான், விடுதிக்கு அடியிலோ மாணவர் மன்றத்தின் மாடியிலோ இருக்கும். கட்டடத்தைப் பூட்டினால் இசைத்தட்டு நூலகமும் பூட்டப்பட்டுவிடும். ஒலிபரப்ப ஆள் இல்லை என்று சும்மா இருக்கவும் முடியாது. உரிமம் பெற்ற நிலையம் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மௌனமாக இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. மணிக்கு ஒருமுறை நிலையத்தின் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும்.

அந்த மாதங்களில் இணையம் வழியாகப் பல கல்லூரி நிலையங்களைத் தேடித்தேடிக் கேட்டேன். மாணவர்கள் தங்கள் ஊர்களிலிருந்து பேசினார்கள். துணி அலமாரிக்குள் நுழைந்துகொண்டு, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கைபேசியில் அறிவிப்பைப் பதிவு செய்து அனுப்புவார்கள். கணினியின் ஆட்டோமேஷன் அதை இசையோடு கோத்து ஒலிபரப்பும். அலமாரிக் குரலை என் காது அடையாளம் கண்டுகொண்டது. எதிரொலியே இல்லாமல் மூடிய குரல் அது.

பாப் பாட்டுக்கு ஆட்டோமேஷன் எளிது. செவ்வியல் இசைக்குத்தான் தலைவலி. ஒரு சிம்பொனிக்கு நான்கு பாகங்கள். கணினியில் அவை நான்கு கோப்புகள். அவற்றைப் பிரியாமல் கட்டிவைக்காவிட்டால் மூன்றாம் பாகம் மட்டும் தனியாக வந்து நிற்கும். ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் கலக்கும் வசதியை அணைத்துவைக்க வேண்டும். இன்னொன்று, மௌனத்தைக் கண்காணிக்கும் கருவி. சில விநாடிகளுக்கு ஒலி இல்லையென்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று அது முடிவு செய்து, அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒலியை ஓடவிடும். மாலரின் ஒன்பதாம் சிம்பொனி எப்படி முடிகிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ஒலி தேய்ந்து தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வரும் இடத்தில்தான் அந்த இசையின் உயிரே இருக்கிறது. டியூட்டி ரூமில் ஓர் ஆள் இருந்தால் விரலைத் தூக்காமல் பொறுத்திருப்பார்.

கருவிகளுக்கு எப்படியும் வழி கண்டுவிடலாம். என்னைக் கவலைப்படுத்தியது வேறு. நான் தொழில் கற்றது புத்தகத்திலிருந்து அல்ல. மூத்தவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் ஃபேடரை எப்போது தொடுகிறார், எப்போது தொடாமல் இருக்கிறார் என்று பார்த்துக் கற்றேன். மாணவர் நிலையங்களும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், அங்கே மூத்தவர் நான்காண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 2021 இலையுதிர் காலத்தில் வகுப்புகள் நேருக்கு நேர் திரும்பியபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலைய அறையில் முறையாக உட்கார்ந்து பழகியவர்கள் கடைசி இரண்டு ஆண்டு மாணவர்கள் மட்டுமே. அவர்களிலும் இளையவர்கள் 2019-இல் சேர்ந்து, சில மாதமே பழகியவர்கள். இன்னும் இரண்டு ஆண்டு மூடியிருந்தால், 1943-லிருந்து கைமாறி வந்தது எந்தக் கைக்கும் போகாமல் நின்றிருக்கும்.

நிற்கவில்லை. ஹார்வர்டில் தேர்வுக் காலம் வந்தால் இப்போதும் அட்டவணை ஒதுங்கி வழிவிடுகிறது. கொலம்பியாவில் டிசம்பர் தோறும் பாக் ஒலிக்கிறார். ஊருக்கு வந்துவிட்ட நான் திருச்சியிலிருந்து இணையத்தில் கேட்கிறேன். அந்த ஆண்டுகளில் நிலையத்தைக் காத்த மாணவர்கள் பெற்றோராகும் காலத்தில்தான் இந்தச் சங்கிலி எவ்வளவு மெலிந்து பிழைத்தது என்று அவர்களுக்கே விளங்கும்.

நம் ஊரிலும் கல்லூரி வானொலி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி முதல் தேதி தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. அதற்குப் பின் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் நிலையங்கள் வந்துவிட்டன. அவற்றை நடத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு கிழவனின் விண்ணப்பம். வருகிற மார்கழியில் ஒரு நாளை மாணவர்களிடம் முழுதாகக் கொடுங்கள். ஒரே வித்வானின் கச்சேரிகளையோ, ஒரே வாக்கேயக்காரரின் கிருதிகளையோ காலை முதல் இரவு வரை வெட்டாமல் ஒலிபரப்பட்டும். ராகத்தையும் பக்கவாத்தியக்காரர் பெயரையும் அவர்களே தேடிப் படித்துச் சொல்லட்டும். இறுதியாண்டு மாணவர் பக்கத்தில் முதலாண்டு மாணவர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.