சாயும் இடுப்பும் தவறிய நேரமும்: இயல்பு நடை குறித்த 1953 வாசிப்பை முன்வைத்து

பிசியோதெரபி மாணவர் நடையைப் படிக்கத் தொடங்கியதும் மனப்பாடம் செய்வது ஆறு கூறுகள். இடுப்பெலும்பு திரும்புவது, ஒரு பக்கம் சாய்வது, ஊன்றிய காலின் முழங்கால் மடங்குவது, பாதமும் முழங்காலும் கூடிச் செய்யும் இரண்டு அசைவுகள், இடுப்பு பக்கவாட்டில் நகர்வது. சான்டர்ஸ், இன்மன், எபர்ஹார்ட் மூவரும் 1953-இல் வகுத்த பட்டியல் இது. இந்த ஆறும் உடலின் ஈர்ப்பு மையம் ஏறி இறங்குவதைக் குறைக்கின்றன, அதனால் ஆற்றல் மிச்சமாகிறது என்பது அவர்கள் வாதம். நான் நிற்க விரும்புவது ஆறில் இரண்டாவதான இடுப்புச் சாய்வில்.

ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் மறுபக்க இடுப்பு சுமார் 5 டிகிரி தாழ்கிறது. உடல் மிக உயரத்தில் இருக்கும் நேரத்தில் இந்தத் தாழ்வு வந்து, வளைவின் முகட்டைத் தட்டையாக்குகிறது என்று 1953 கட்டுரை கொண்டது. படத்தில் பார்த்தால் மறுக்கவே தோன்றாது. ஆனால் 1997-இல் கார்டும் சில்ட்ரஸும் இடுப்புச் சாய்வையும் உடல் உயரத்தையும் ஒரே கால அச்சில் வைத்துப் பார்த்தார்கள். சாய்வின் உச்சம் ஒற்றைக்கால் ஊன்றலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. உடல் முகட்டை எட்டும்போது இடுப்பு மீளத் தொடங்கியிருக்கிறது. சாய்வின் அளவில் மூவரும் தவறவில்லை, அது வரும் நேரத்தில்தான் தவறினார்கள். ஆற்றல் மிச்சம் என்ற கூற்றும் நிற்கவில்லை. 2005-இல் ஒர்டேகாவும் பார்லியும் ஈர்ப்பு மையத்தை வேண்டுமென்றே தட்டையாக வைத்து நடக்கச் சொன்னபோது, ஆற்றல் செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது.

இன்மன் தசையை அறியாதவர் அல்லர். இடுப்பை விரிக்கும் தசைகளின் செயல்பாடு பற்றி 1947-லேயே தனிக் கட்டுரை எழுதியவர். அப்படிப்பட்டவர் 1953-இல் வடிவியலுக்குள் போனது ஏன்? பெர்க்லியில் அவர்கள் குழு இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த வீரர்களுக்குச் செயற்கைக் கால் செய்வதற்காக உழைத்தது. மரத்தாலும் உலோகத்தாலும் ஆன காலில் தசை இல்லை. அங்கே கணக்கில் வருவது கோணமும் நீளமும்தான். என் ஊகம் இது, நேரடிச் சான்று இல்லை. ஆனாலும் ஆறு கூறுகளும் செயற்கைக் கால் பட்டறையின் மொழியில் பேசுகின்றன என்பதை அக்கட்டுரையைப் படிக்கும் எவரும் உணர்வார்கள்.

இடுப்புச் சாய்வுக்கு இன்னொரு மூதாதை உண்டு. டிரெண்டலன்பர்க் 1895-இல் பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்களின் நடையை விவரித்து, மறுபக்க இடுப்பு தொய்வதைத் தசை வலுவின்மையின் அடையாளமாகக் காட்டினார். ஆக, 1895-இல் நோயாக இருந்தது 1953-இல் சிக்கனமானது. அளவு மிஞ்சினால் நோய், அளவோடு இருந்தால் இயல்பு என்று பாடநூல்கள் இரண்டையும் சமரசம் செய்துவிட்டுப் போகின்றன. எத்தனை டிகிரி என்பதோடு எப்போது என்பதையும் சேர்த்துக் கேட்டால் அந்தச் சமரசம் தேவைப்படாது.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்டே ஆகவேண்டிய நிலை ஒன்று வேலூரில் இருந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டும் உடனிருந்தவர்களும் தொழுநோயால் பாதம் தொங்கியவர்களுக்குக் கணுக்காலின் உட்புறத் தசைநார் ஒன்றை முன்புறம் மாற்றிப் பொருத்தினார்கள். முறை புதியதன்று, ஓபர் 1933-லேயே எழுதியிருந்தார். வேலூரில் இது பரவலானதை 1950கள் என்று சொல்வதே பத்திரம், ஆண்டைக் குறிக்க நான் துணியவில்லை. இடம் மாற்றிய டிபியாலிஸ் போஸ்டீரியர், பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது வேலை செய்யும் தசை. மாற்றிய பின் கால் காற்றில் வீசும்போது அது பாதத்தைத் தூக்க வேண்டும். கோணம் அறுவையால் சரியாகிவிடும். அந்தத் தசைக்குப் புதிய நேரத்தைப் பழக்குவது பிசியோதெரபிஸ்டின் வேலை. தையல் ஆறிய பிறகும் பழைய நேரத்திலேயே அது சுருங்கினால், நோயாளி முழங்காலை உயர்த்தி உயர்த்தியே நடப்பார். 1953 கட்டுரையின் ஆறு கூறுகளில் இதற்கு இடமில்லை.

நேரத்தோடு சூழலும் நடையை மாற்றும்; இனி திண்டுக்கல் மருத்துவமனை. புறநோயாளிப் பிரிவுத் தாழ்வாரத்தில் "நேரா நடங்கம்மா" என்று சொன்ன உடனேயே, நடந்து காட்ட வந்த அம்மாவின் நடை மாறிவிடுகிறது. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சேலையைச் சரிசெய்து, அடியைச் சுருக்கிக்கொள்வார். அடிச் சுருக்கம் சிறிய விஷயமல்ல. 90 செ.மீ. நீளக் காலை வெறும் கவராயமாக வைத்துக் கணக்கிட்டால், 70 செ.மீ. அடிக்கு இடுப்பு சுமார் 7 செ.மீ. ஏறி இறங்கும். 50 செ.மீ. அடிக்கு 3.5 மட்டுமே. இயல்பான நடையில் அளக்கப்படுவது 5 செ.மீ. அளவில். குறுகிய அடிக்கு முகட்டைத் தட்டையாக்கும் தேவையே குறைந்துபோகிறது. அந்த அடியில் உண்மையான ஏற்ற இறக்கமும் குறையும் என்பதால் இதை முடிவான சான்றாக நான் வைக்கவில்லை. நீள அடியை இயல்பென்று கொண்ட படத்தின் மேல் வைக்கும் ஐயம் இது, அவ்வளவே.

செருப்பும் அப்படித்தான். மங்களூர்ப் பகுதிக் குழந்தைகள் 2300 பேரை ஆய்ந்த ராவும் ஜோசப்பும் 1992-இல், செருப்பணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் என்று கண்டார்கள். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களை 2009-இல் ஆராய்ந்த டவுட் குழு, அவர்கள் பாதம் அகன்றிருப்பதையும் பாத அழுத்தம் சீராகப் பரவுவதையும் காட்டியது. ஹவாய் செருப்பு மூன்றாவது வகை. பெருவிரலும் அடுத்த விரலும் வாரைப் பிடித்திருக்க வேண்டும். சர்க்கரை நோயில் உணர்வு போனவரிடம் "செருப்பு உங்களுக்குத் தெரியாமலே கழன்று போகுதா?" என்று கேட்பது, காலில் கருவி மாட்டி அளப்பதற்கு முன்பே பதில் தந்துவிடும் கேள்வி. விரல்கள் பிடியை விடும் கணம் வீச்சில் எங்கே வருகிறது என்பதும் நேரக் கேள்விதான்.

தைப்பூசத்துக்கு முன் செட்டிநாட்டிலிருந்து நத்தம் வழியாகக் காவடியோடு வருபவர்கள் திண்டுக்கல்லைக் கடந்து பழநி போக இன்னும் ஏறத்தாழ 60 கி.மீ. நடக்கிறார்கள், பலர் வெறுங்காலோடு. தோளில் சுமை, தார்ச்சாலை, கூட்டத்தின் வேகம். அந்த நடையில் இடுப்பு எப்போது சாய்ந்து எப்போது மீள்கிறது என்பதற்கு 1953-இன் படம் விடை தராது. 1997-இன் வரைகோடும் ஆய்வுக்கூடத் தரையில் எடுத்தது. டவுட் குழு அளந்தது பாதத்தை, இடுப்பை அல்ல.