துரையின் பாடசாலையும் தொகுதியின் பிரதிநிதியும்: 1907 முதல் 1947 வரை

2025 ஏப்ரலில் நடந்த கனடியப் பொதுத் தேர்தலில் பிக்கரிங்–புரூக்ளின் தொகுதியில் வென்ற யுவனிதா நாதன், அதற்கு முன் மார்க்கம் நகரசபை உறுப்பினராக இருந்தார். அதற்கும் முன் யோர்க் பிராந்தியப் பாடசாலைச் சபையில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர். பிள்ளைகளின் கல்வியை மேற்பார்வை செய்ய ஊரார் ஒருவரைத் தெரிவுசெய்கிறார்கள். அவரே பின்னர் நாட்டின் சட்டமன்றத்துக்கும் போட்டியிடுகிறார். இந்த வழி மலையகத்தில் ஏன் உருவாகவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மலையகத்தில் வாக்குரிமை வந்து போன கதை வாசகர் அறிந்தது; அதை மீண்டும் விரிக்கவில்லை.

தோட்டக் கல்வி பற்றி எழுதுவோர் எவரும் எஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட நூலைத் தாண்டிச் செல்ல முடியாது. நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன். பெருந்தோட்ட உற்பத்தியும் அரசியலும் கல்வியை எவ்வாறு தடுத்தன, எவ்வாறு திறந்துவிட்டன என்பதே அவருடைய ஆய்வின் அச்சு. 1977க்குப் பின் தோட்டப் பாடசாலைகள் கண்ட வளர்ச்சியை விளக்கும்போது, மலையகத் தலைமை தேசிய அரசியலுக்குள் மீண்டும் நுழைந்ததற்கு அவர் பெரும் இடம் தருகிறார். சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானதும், 1978இல் அமைச்சரானதும், வெளிநாட்டு உதவியுடன் பாடசாலைகள் கட்டப்பட்டதும் ஒன்றையொன்று தொட்டே நடந்தவை. அந்தக் காலத்துக்கு இவ்விளக்கம் பொருந்துகிறது; அதை நான் மறுக்கவில்லை.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வாசிப்பில் அரசியல் எப்போதும் காரணமாகவும் பாடசாலை எப்போதும் விளைவாகவும் நின்றுவிடுகின்றன. பிரதிநிதி வந்தால் பாடசாலை வரும் என்ற வரிசை 1977க்குப் பிந்தையது. அதைப் பின்னோக்கி 1930களுக்கும் 1940களுக்கும் நீட்டினால், பாடசாலை பிரதிநிதியை உருவாக்கிய சந்தர்ப்பம் கண்ணில் படாமல் போகிறது. பாடசாலையை எத்தனை கட்டடம், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் என்று அளப்பது மட்டும் போதாது. அதை யார் ஆண்டார் என்றும் கேட்க வேண்டும். லிட்டிலின் நூல் முதற் கேள்விக்கு அள்ளித் தருகிறது. இரண்டாவதற்கான விடை, நான் பார்த்தவரை, 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவிலேயே இருக்கிறது.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தில் தோட்டங்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதும், தகுந்த பாட அறை ஒன்றை ஒதுக்கிப் பழுதுபார்த்து வைத்திருப்பதும் தோட்டத் துரையின் கடமை என்று அது விதிக்கிறது. இப்பிரிவை எடுத்துக்காட்டும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘பத்து’ என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றன. பத்து வயதில் பிள்ளை மலைக்கு வேலைக்குப் போகட்டும் என்பதே அதன் உட்பொருள் என்கிறார்கள். அது உண்மைதான்.

ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனிக்க வேண்டும். அதே கட்டளைச் சட்டம் கிராமங்களுக்கு மாவட்டப் பாடசாலைக் குழுக்களை ஏற்படுத்தியது. அந்தக் குழுக்களை மக்களாட்சி என்று சொல்ல வரவில்லை. அதிகாரிகளின் கை அவற்றில் ஓங்கியே இருந்தது. என்றாலும் குழு என்பது குழுதான். ஒருவர் அதில் உறுப்பினராகலாம், பேசலாம், ஊரில் பெயர் பெறலாம். தோட்டத்துக்கு வரும்போது குழு மறைந்து, துரை என்ற ஒரே மனிதர் நிற்கிறார். தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பவரும், லயத்து அறையைத் தருபவரும், பிள்ளையின் பாடசாலையை நடத்துபவரும் அவரே. பெற்றோருக்கு அதில் ஓர் ஆசனமும் கிடையாது.

இச்சட்டத்தை ஆக்கிய ஆட்சிக்கு வேறு முறை தெரியாததல்ல. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலால் அமையும் பாடசாலைச் சபைகளை உண்டாக்கியது. அந்த ஆண்டே எலிசபெத் காரெட்டும் எமிலி டேவிஸும் லண்டன் சபைக்குத் தெரிவானார்கள்; பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்கு கிடைக்க அதன்பின் 48 ஆண்டுகள் சென்றன. ஆசிரியராயிருந்த தோமஸ் மக்னமாரா 1894இல் லண்டன் பாடசாலைச் சபை உறுப்பினராகி, 1900இல் பாராளுமன்றம் புகுந்தார். அச்சபைகள் 1902இல்தான் ஒழிக்கப்பட்டன. ஐந்தே ஆண்டுகளுக்குப் பின் இலங்கையில் எழுதப்பட்ட சட்டம் அந்த அனுபவத்தின் நிழலைக்கூடத் தோட்டத்துக்குள் விடவில்லை.

இந்த இரட்டை ஏற்பாட்டைக் கண்ணால் பார்க்கக் கினிகத்தேனை நல்ல இடம். அவிசாவளையிலிருந்து கிதுல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பாதையும் நாவலப்பிட்டிக்குப் பிரியும் பாதையும் இங்கே சந்திக்கின்றன. சுற்றிலும் பழைய சிங்களக் கிராமங்களும் தேயிலைத் தோட்டங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கிராமங்களின் பழமைக்கு, சிவனொளிபாத மலை யாத்திரிகருக்கான கொடைகளைக் கூறும் முதலாம் விஜயபாகுவின் அம்பகமுவக் கல்வெட்டே சான்று. இப்படிப்பட்ட ஊரில் ஒரு சட்டத்தின் இரண்டு பகுதிகள் நடைதூரத்தில் இரு வகைப் பெற்றோரை ஆண்டன: ஒருவர் குழுவின் எல்லைக்குள், மற்றவர் துரையின் எல்லைக்குள்.

துரையின் எல்லைக்குள் பாடசாலைப் பதவி இல்லையென்றால், கல்விவழி பொதுவாழ்வுக்கு வர விரும்பியவர் தோட்டத்துக்கு வெளியே சொந்தமாகப் பாடசாலை அமைக்க வேண்டும். கே. இராஜலிங்கம் செய்தது அதுதான். புசல்லாவையில் சரஸ்வதி பாடசாலையை நிறுவியவர், 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸின் வேட்பாளராக நாவலப்பிட்டித் தொகுதியில் நின்று வென்றார். அவ்வாண்டு காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களில் அதுவும் ஒன்று. அவருக்கு முன் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போன பெரி சுந்தரம் வழக்கறிஞர். 1936இல் சென்ற கோ. நடேசய்யர் பத்திரிகையாளர், தொழிற்சங்கவாதி. நீதிமன்றம், அச்சகம், சங்கம் ஆகியவற்றோடு பாடசாலையும் ஒரு வாசலானது இராஜலிங்கத்தால்தான் என்பது என் துணிபு. மலையகத்தில் பாடசாலைச் சபை உறுப்பினர் தேர்தலில் நின்ற கதைக்கு மிக அருகில் வருவதும் இதுவே.

இதற்கு எழக்கூடிய மறுப்பு வலிமையானது. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட பின், தோட்டந்தோறும் சங்கக் கிளைகள் வேரூன்றின. 1947இன் வாக்குகள் அந்தக் கிளைகள் திரட்டியவை. காங்கிரஸ் எவரை நிறுத்தியிருந்தாலும் வென்றிருப்பார் என்று வாதிடலாம். வாக்குத் தொகையைப் பொறுத்து இதை ஏற்கிறேன். வேட்பாளர் தெரிவைப் பொறுத்து ஏற்கவில்லை. லயத்துப் பெற்றோர் தம் பிள்ளையை ஒப்படைக்கக்கூடிய, துரைக்குக் கட்டுப்படாத ஒரு நிறுவனத்தை நடத்திக் காட்டியவர் என்ற தகுதி சங்கத் தலைமையால் மட்டும் கிடைக்கக்கூடியதல்ல. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960, 1961இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன. 1970களில்தான் அரசு அவற்றை ஏற்றது. அவ்வளவு நீண்ட காலம் துரையின் பிடி தளரவில்லை என்றால், அதற்கு வெளியே எழுந்த ஒரு பாடசாலையின் அரசியல் எடையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

இருந்தும் இது ஒரே ஒருவரை வைத்துச் செய்த அனுமானம். இரண்டாவது தேர்தலில் இதைச் சோதித்திருக்கலாம். பாடசாலை நிறுவுநர்களும் ஆசிரியர்களும் மேலும் சிலர் வேட்பாளராக வந்திருந்தால் போக்கு தெளிவாகியிருக்கும். வராதிருந்தால் இராஜலிங்கம் விதிவிலக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்தச் சோதனைக்கான வாக்காளரையே பட்டியலிலிருந்து நீக்கின. 1952இல் தோட்டத் தமிழரின் பிரதிநிதியாக ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. லிட்டில் விளக்கும் 1977ஆம் ஆண்டு வரிசை, இந்த வெட்டுக்குப் பிறகு வளர்ந்தது. வெட்டு விழாதிருந்தால் வரிசை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நாவலப்பிட்டி முடிவு ஒன்றே நம்மிடம் எஞ்சியுள்ள தடயம்.