வேற்றுமொழியில் ஒரு தோட்டத்துக் கதை



அண்மையில் கலும்பாங்கில் என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாயாரைச் சந்திக்க நேர்ந்தது. மகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். "எந்நேரமும் இங்கிலீசுலயே கதை எழுதிக்கிட்டு இருக்கா சார். ஆறு வருசம் தமிழ்ப்பள்ளியில படிக்க வெச்சது வீணா?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல நா எழவில்லை. அதற்கொரு காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன்.

அக்கேள்விக்கு விடை தேடும் எவரும் கே.எஸ்.மணியத்தை அறிந்திருத்தல் வேண்டும். இயற்பெயர் சுப்ரமணியம் கிருஷ்ணன். 1942-இல் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்தவர். தந்தையார் மருத்துவமனையில் சலவைத் தொழிலாளி. ஓராண்டே தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர் சுங்கைப்பட்டாணி ஆங்கிலப் பள்ளிக்கு மாறினார். 1962 முதல் 1964 வரை இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அவரும் நம்மைப்போல் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தாம் என்பதை நம் ஆசிரியர்களுள் பலர் அறியார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 2020 பிப்ரவரியில் மறைந்தார்.

அவருடைய முதல் நாவல் 'தி ரிட்டர்ன்' 1981-இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து பிள்ளைகளுடன் வந்து சேரும் பாட்டி பெரியதாய், ஒரு துண்டு நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளப் போராடித் தோற்கிறாள். அவளுடைய மகன் நைனாவும் அதே ஆசையால் சிதைந்து, இறுதியில் தீக்கிரையாகிறான். பேரன் ரவியோ ஆங்கிலப் பள்ளி, இங்கிலாந்து என்று விலகிச் செல்கிறான். சித்தம் கலங்கிய நைனா தமிழும் மலாயும் சீனமும் கலந்த ஒரு மொழியில் மந்திரம்போல் முணுமுணுக்கும் இடத்தைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டேன். மண்ணில் வேரூன்ற முயன்றவனுக்கு எந்த ஒரு மொழியும் போதவில்லை. நன்றாக ஆங்கிலம் பேசும் மகனுக்கோ, அந்தத் தந்தையிடம் பேச மொழியே இல்லை.

இதில் நாம் நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பெரியதாய், நைனா என்னும் சொற்களை மணியம் அப்படியே ஆள்கிறார். வெள்ளைக்கார வாசகனுக்கு அவை வெறும் பெயர்கள். நமக்கோ அவை உறவுமுறைகள். ஒரே வரியை இருவர் இருவிதமாகக் கேட்கிறோம்.

இவ்வழியில் அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். கா.சி. வேங்கடரமணி 1927-இல் முருகன் என்னும் உழவனின் கதையை ஆங்கிலத்தில் எழுதி, பின்னர்த் தமிழுக்கும் கொண்டுவந்தார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜா ராவ், 1938-இல் வெளிவந்த 'காந்தபுரா'வின் முன்னுரையில், தனதல்லாத மொழியில் தன் உள்ளத்தைச் சொல்வதன் இடர்ப்பாட்டை வெளிப்படையாகவே எழுதினார். அவர் பெயரால் அமைந்த விருது 2000-ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் நம் மணியம். எத்தனை தமிழ்ப்பள்ளி நூலகங்களில் அவருடைய படம் தொங்குகிறது? ஆங்கிலத்தில் எழுதியதால் தமிழர்க்கு அயலானார். மலாயில் எழுதாததால் தேசிய இலக்கியத்தின் வட்டத்திற்கும் வெளியே நின்றார்.

நம் வட்டாரத்திலேயே ஓர் எதிர்க்காட்சியும் உண்டு. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்சுந்தைப் பகுதியில், தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனையை வாணிகப் பயிராக நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் தம் தாய்மொழியிலேயே எழுதினார். உலகம் தேடிவந்து மொழிபெயர்த்துக்கொண்டது. அந்நாவலில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள், அவர் கண்டவாறு. துரை தம் மொழியில் எழுதலாம். லயத்துப் பிள்ளை உலகின் காதில் விழவேண்டுமாயின் துரையின் மொழியைக் கற்றாக வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு நமக்கு உறுத்தத்தான் வேண்டும். ஆனால் அதற்காக எழுதுகிற பிள்ளையைக் கடிந்துகொள்வது எவ்வகையில் நியாயம்?

இனி என் காரணம். அம்மாணவி ஆறாம் ஆண்டில் படித்தபோது ஆங்கிலப் பாடமும் என் பொறுப்பில் இருந்தது. ஒரு கட்டுரையில் 'பாட்டி' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து, 'கிராண்ட்மதர்' என்று திருத்தினேன். தேர்வுக்கு அதுவே சரி என்று அன்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவளை வரச்சொன்னேன். கதையைக் கொண்டுவந்தாள். அவள் பாட்டி சொன்ன தோட்டத்துக் கதை. விடியுமுன் தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, கிராணியார் பெயர் கூப்பிடும் காட்சியில் தொடங்குகிறது. 'கிராண்ட்மதர்' என்றே எழுதியிருந்தாள். முதல் பத்தியில் ஓரிடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"பெரட்டுக்கு இங்கிலீசுல என்ன சார்?"

'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்தான் நம் முன்னோர் வாயில் பெரட்டு ஆயிற்று என்றேன். அப்படியென்றால் எதை எழுதுவது என்று கேட்டாள்.

பெரட்டு என்றே எழுதச் சொன்னேன். கிராண்ட்மதரை நானே அடித்தேன்.