திருப்பூர்ப் பின்னலாடை அச்சில் நிற அளவீடு

பின்னலாடையில் ஏற்றிய சாயமும் அதன்மேல் அடித்த அச்சும், ஆர்டர் கொடுத்த பையர் கேட்ட நிறத்துக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பதை எண்ணில் சொல்லும் முறையே நிற அளவீடு. அவிநாசி தொடங்கி திருமுருகன்பூண்டி வழியாகத் திருப்பூர் வரை நீளும் பனியன் வட்டாரத்தில் நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் எல்லாம் பெரும்பாலும் வேறு வேறு கைகளில் ஜாப் ஒர்க்காக நடக்கின்றன. நிறம் தவறினால் பழி யாருக்கு என்ற கேள்வி உடனே எழும். ஆகவே நிற அளவீட்டின் முதல் பயன் இங்கே கொடுக்கல் வாங்கலில்தான். ஆய்வகத்தில் அதன் இடம் அதற்குப் பிறகுதான்.

பையர் ஒரு பேன்டோன் நிற எண்ணையோ துணித் துண்டையோ ஸ்டாண்டர்டாகத் தருவார். சாயப்பட்டறை அதைப் பார்த்து லேப் டிப் என்னும் சாம்பிள் சாயத் துண்டு போடும். பிரிண்டிங் பட்டறை ஸ்ட்ரைக் ஆஃப் என்னும் சாம்பிள் அச்சு அடித்துக் காட்டும். ஒப்புதல் கிடைத்த பிறகே மொத்த லாட். ஒவ்வொரு கட்டத்திலும் துணியை அளப்பது ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். 400 முதல் 700 நானோமீட்டர் வரை, 10 நானோமீட்டருக்கு ஒன்றாக 31 இடங்களில், துணி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அது ஒரு வரைகோடாகப் பதிவு செய்யும். அந்த வரைகோட்டை, சி.ஐ.இ. என்னும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976இல் வகுத்த முறைப்படி மூன்று எண்களாக மாற்றுவார்கள்: வெளிர்-கருமை, சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம். ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் இடையே உள்ள தூரம் டெல்டா ஈ.

அந்தத் தூரம் எல்லா நிறங்களிலும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிவதில்லை. பளிச்சென்ற ஆரஞ்சில் பொறுத்துக்கொள்ளும் வேறுபாட்டைச் சாம்பலில் கண் பொறுக்காது. இதைச் சரிசெய்யும் வழி தையல்நூல் தொழிலிலிருந்தே வந்தது. ஸ்காட்லாந்தின் ஜே. அண்ட் பி. கோட்ஸ் நூல் நிறுவனத்தில் உருவான சூத்திரத்தை மெருகேற்றி, பிரிட்டனின் சாயத் தொழிலர் சங்கக் குழு 1984இல் சி.எம்.சி. சூத்திரமாக வெளியிட்டது. துணிக்கு அதை 2:1 என்ற விகிதத்தில் பயன்படுத்துவார்கள். வெளிர்-கருமை வேறுபாட்டுக்கு மட்டும் இரு மடங்கு சலுகை. டெல்டா ஈ 1க்குள் இருந்தால் பாஸ் என்பது பரவலான வரம்பு. ஆனால் இந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. 0.8 வாங்கிய சாம்பல் பச்சையடித்தால் பையர் திருப்பிவிடுவார், அதே 0.8 சற்றே வெளிறியதால் வந்திருந்தால் தப்பித்துவிடும். அனுபவமுள்ள லேப் மாஸ்டர் முதலில் வேறுபாடு எந்தத் திசையில் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் டெல்டா ஈக்கு வருவார்.

தகராறுகளில் பல, கருவியால் அல்ல, துணியை அதன்முன் வைத்த விதத்தால் வருபவை. பின்னல் துணி இழுபடும். இழுத்து வைத்தால் கண்ணிகள் விரிந்து பின்னால் இருப்பது தெரியும். அதனால் ஒளி ஊடுருவாதபடி நான்காக மடித்து, இழுக்காமல் வைத்து, திருப்பித் திருப்பி நான்கு முறையாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும். டிரையரிலிருந்து சூடாக வந்த துணியை அப்படியே அளக்கக் கூடாது. சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்கள் சூட்டில் ஒன்றாகவும் ஆறிய பின் வேறாகவும் தெரியும். சோதனைக்கான தர நிலை 20 டிகிரி செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத லேபில் அது கனவு. வெள்ளைத் துணிக்கு இன்னொரு சிக்கல்: அதில் சேர்க்கும் பிரைட்னர் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். கருவி விளக்கின் புற ஊதா அளவைச் சரிசெய்யாவிட்டால் இரண்டு லேப்களின் வெண்மை எண் ஒத்துப்போகாது.

அச்சில் நிலைமை இன்னும் சிக்கலானது. கறுப்பு டி-ஷர்ட்டில் சிவப்பு அடிக்க, அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டும். அது மெலிந்தால் சிவப்பு மங்கும். ஸ்கிரீனின் கண்ணளவு, மையை இழுக்கும் ஸ்க்வீஜியின் அழுத்தம், மையை இறுகவைக்கும் க்யூரிங் சூடு மூன்றும் நிறத்தை மாற்றும். பெரிய செஸ்ட் பிரிண்டைக் கருவி அளந்துவிடும். சின்ன எழுத்து, மெல்லிய கோடு, பல நிறம் கலந்த பூ என்றால் கருவியின் துளைக்குள் பக்கத்து நிறமும் நுழைந்துவிடும். அங்கே தர விளக்குகள் பொருத்திய லைட் பாக்ஸும் கண்ணும்தான் கதி.

அதே டி-ஷர்ட்டில் தொங்கும் அட்டையும் அதை அடுக்கும் பெட்டியும் ஆஃப்செட்டில் அச்சாகின்றன. காகித அச்சில் நிறம் பார்க்கும் தரப் பகல் ஒளி டி50, பார்வைக் கோணம் 2 டிகிரி, கருவி 45 டிகிரியில் ஒளி பாய்ச்சும். துணியில் டி65, 10 டிகிரி, ஒளியைக் கோளத்துக்குள் சிதறடிக்கும் கருவி. அட்டைக்காரர் சொல்லும் எண்ணையும் துணிக்காரர் சொல்லும் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆனாலும் பிராண்டின் சிவப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மெர்ச்சண்டைசர்கள் இப்படி ஒப்பிட்டுச் சண்டை போடுவது உண்டு.

பகல் ஒளியில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் கடை விளக்கில் பிரிந்து தெரிவது மெட்டாமெரிசம். ஸ்டாண்டர்டில் இருந்த சாயக் கலவை ஒன்று, பட்டறை போட்ட கலவை வேறொன்று என்பதே காரணம். உடம்புத் துணியும் ரிப் காலரும் தனித்தனி லாட்டில் சாயமேறினாலும் இது நேரலாம். இதற்காகவே லைட் பாக்ஸில் டி65 உடன் ஐரோப்பியக் கடைகளின் டி.எல்.84 குழல் விளக்கையும் வைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. இப்போது கடைகள் எல்.இ.டி.க்கு மாறிவருகின்றன. 2018இல் சி.ஐ.இ. எல்.இ.டி.க்கான ஒளி வரையறைகளையும் வெளியிட்டது. இத்தனை ஒளிகளில் எதை வைத்துப் பார்ப்பது என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்வது பட்டறைக்குப் பாதுகாப்பு.