பத்துமலையும் பலர் கண்ட பொருளும்

பத்துமலை என்னும் பெயரிலேயே இக்கட்டுரையின் பொருள் அடங்கிக் கிடக்கின்றது. மலாய் மொழியில் 'பத்து' என்பது கல்லைக் குறிக்கும் சொல். மலையருகே ஓடும் ஆற்றுக்கும் 'சுங்கை பத்து', அதாவது கல்லாறு, என்றே பெயர். ஆயின், தமிழர் செவியில் விழுந்தபோது அச்சொல் கல்லாக நிற்கவில்லை, எண்ணாக மாறிற்று. தாயகத்தில் முருகனுக்கு ஆறு படைவீடுகள். மலேசியாவில் ஈப்போவின் கல்லுமலை, பினாங்கின் தண்ணீர்மலை, மலாக்காவின் சன்னாசிமலை என மூன்று. இவற்றோடு கூட்ட இது பத்தாவது மலை என்று அடியார்கள் கணக்கும் காட்டினர். சொல்லாராய்ச்சி இதனை ஒப்புக்கொள்ளாது. எனினும் இதனைப் பிழை என்று தள்ளிவிடுதல் பொருந்துமா? கேட்ட சொல்லுக்குத் தம் மொழியையும் வழிபாட்டையும் கொண்டு மக்கள் பொருள் கண்டனர் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

மலையும் அவ்வாறே பலரால் பலவாறு காணப்பட்டது. தெமுவான் பழங்குடியினர்க்கு அதன் குகைகள் ஒதுங்கும் இடம். சீனக் குடியேறிகளுக்கு அவை வௌவால் எச்சமாகிய உரம் அள்ளும் சுரங்கம். 1878-ஆம் ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹார்னடேக்கு அவை உயிர்நூல் களஞ்சியம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை குகை வாயிலைக் கண்டார்; அது வேலின் வடிவாக அவருக்குத் தோன்றிற்று. 1890-ஆம் ஆண்டளவில் அங்கு முருகன் வழிபாடு தொடங்கிற்று. 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகின்றது. கல் ஒன்றே, கண்டவர் கொண்ட பொருள் நான்கு.

நன்னூலாரும் மேனாட்டாரும்

செய்தி சொல்வோன் கருதிய பொருளே கேட்போன் உள்ளத்திலும் சென்று சேர்கின்றதா? இவ்வினா நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, பொள்ளற்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று பிரித்துக் காட்டினார். ஒரே ஆசிரியர் ஒரே பாடத்தைச் சொல்லினும் கொள்வோர் ஒரே வகையாகக் கொள்ளார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆயினும் அவர் அளந்தது எவ்வளவு கொண்டனர், எதனைக் கொண்டனர் என்பதையே. கொண்டதற்கு என்ன பொருள் கண்டனர் என்பது வேறு வினா.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பத்திரிகையும் வானொலியும் ஊசிமருந்துபோல மக்கள் உள்ளத்தில் நேரே பாயும் என்னும் எண்ணம் மேனாட்டில் பரவியிருந்தது. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்டும் அவர்தம் துணைவரும் ஒஹாயோ மாநிலத்தில் செய்த ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை அசைத்தது. செய்தி முதலில் ஊரில் மதிப்புடைய சிலரை அடைகின்றது. அவர் வாய்வழியாகவே ஏனையோர்க்குச் செல்கின்றது என்று அவர்கள் 1944-இல் எழுதினர். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தின் பர்மிங்காமில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால், 1973-இல் மேலும் ஒரு படி சென்றார். கேட்போர் சொன்ன பொருளை அப்படியே ஏற்கலாம். ஒருபுடை ஏற்றுத் தம் நிலைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். அன்றி அதனை மறுத்து எதிர்ப்பொருள் கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. நன்னூலில் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் முதலிரண்டு உடன்படலும் மறுத்தலும் அல்லவா? நம் இலக்கணம் நூல் செய்வோர்க்கு அளித்த உரிமையை ஹால் கேட்போர்க்கும் உரியதாக்கினார் எனலாம்.

இக்கொள்கை பிறப்பதற்கு முன்பே இதற்குரிய சான்றுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்து முடிந்திருந்தன. அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர்

கோலாலம்பூரில் 1924-இல் 'தமிழ் நேசன்' தோன்றிற்று. நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய அவ்விதழ் 2019 வரை வாழ்ந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசை' நிறுவினார். தோட்டப்புறங்களில் எழுத்தறிந்தோர் அந்நாளில் சிலரே. பள்ளிப்பருவப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளி ஒன்று வைத்தல் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தும், அப்பள்ளிகள் பெரும்பாலும் ஓராசிரியரோடு தள்ளாடின. ஆகவே பத்திரிகை அங்குக் கண்ணால் படிக்கப்பட்டதைக் காட்டிலும் காதால் கேட்கப்பட்டதே மிகுதி. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள்.

லாசர்ஸ்ஃபெல்டு கண்ட இரண்டு படிகளும் இங்கே தெளிவாக உள்ளன. படிப்பவர் சொல்லை மட்டும் ஒலிப்பதில்லை, கடினமான சொல்லுக்கு விளக்கம் தருகின்றார், ஓரிடத்தில் குரலை உயர்த்துகின்றார், ஓரிடத்தை விட்டுவிடுகின்றார். கேட்பவரும் வாளா இருப்பதில்லை. தாயகத்துச் செய்தியைத் தம் தோட்டத்து நிலையோடு ஒட்டிப் பார்க்கின்றனர். இந்தியாவில் காந்தியடிகள் நடத்திய போராட்டச் செய்தி வெள்ளையர் ஆட்சியைப் பற்றியது. அதனைக் கேட்ட தொழிலாளிக்கோ, வெள்ளையர் ஆட்சி என்றால் கண்முன் நின்ற துரையும் அவர்கீழ் நின்ற கிராணியும் கங்காணியுமே ஆவர்.

கிள்ளான், 1941

இதன் விளைவை 1941-இல் கிள்ளான் வட்டாரம் கண்டது. 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அலையலையாய் எழுந்தது. அவர்களுடைய கோரிக்கைகளை இன்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களுக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு மற்றொன்றும் அதில் இருந்தது. துரையோ தோட்ட அலுவலரோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

சைக்கிளில் இருந்து இறங்குவது சிறு செயல். ஆயின் அதனைத் துரை மரியாதை என்று படித்தார். இறங்கியவர் இழிவு என்று படித்தார். தொழிலாளர் தலையில் ஏறிய காந்திக் குல்லாவும் அத்தகையதே. அணிந்தவர்க்கு அது மானத்தின் அடையாளம். தோட்ட முதலாளிகளுக்கோ அது கலகத்தின் அறிகுறி. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ரப்பர் பிரிட்டனுக்கு இன்றியமையாத பொருள். கூலியும் மானமும் கேட்டவர்களின் சொல்லை ஆட்சியினர் அரசியல் சூழ்ச்சி என்று பொருள்கொண்டனர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர்.

இங்கு நாம் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. செய்திக்குப் பொருள் காண்போர் எளிய மக்கள் மட்டும் அல்லர், ஆள்வோரும் கேட்போரே. அவர்களும் தம் அச்சத்தையும் ஆதாயத்தையும் கொண்டே பொருள் காண்கின்றனர். எளியோன் தவறாகப் பொருள்கொண்டால் பெரும்பாலும் இழப்பு அவனுக்கே. வலியோன் தவறாகப் பொருள்கொண்டாலும் இழப்பு எளியோனுக்கே. கிள்ளான் நமக்கு உணர்த்துவது இதுவே.

புரியாத மொழியில் புரிந்த பொருள்

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறிற்று. சப்பானியர் ஆட்சியில், 1943 சூலையில் சுபாஸ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். அவர் இந்துஸ்தானியில் பேசினார். தமிழர்க்கு அது மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. கேட்டோருள் மலாயாவிலேயே பிறந்து இந்திய மண்ணை மிதித்தறியாதவர் பலர். ஆயினும் தோட்டத்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்திலும் இராணி ஜான்சி படையிலும் சேர்ந்தனர். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி, போஸ் பேசிய கூட்டத்திலேயே தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்து, பின் அப்படையில் உயர் பொறுப்பு வகித்தார். இவர் பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டு, மலேசிய மேலவை உறுப்பினராகவும் விளங்கினார்.

போஸ் சொன்ன விடுதலை இந்தியாவின் விடுதலை. கேட்டவர் அனைவரும் அதனையே கொண்டனரா? 1941-இன் நினைவு ஆறாதிருந்த தோட்டத் தொழிலாளிக்கு, துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நிற்பது என்பதே ஒரு விடுதலை. சைக்கிளில் இருந்து இறங்கியவன் இப்பொழுது அணிவகுப்பில் நடந்தான். தோட்ட வேலையோடு கட்டுண்டிருந்த பெண்ணுக்கோ படையுடை வேறொரு பொருள் தந்திருத்தல் இயல்பு. சொல் ஒன்றாயிருந்தும் அதில் அவரவர் தத்தம் விடுதலையைக் கண்டனர் என்று கொள்வதே வரலாற்றோடு பொருந்துவதாகும்.

இரண்டு முடிவுடைய படம்

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றையும் காட்டுதல் நலம். 2016 சூலையில் பா. இரஞ்சித் இயக்கத்தில் ரசினிகாந்த் நடித்த 'கபாலி' வெளிவந்தது. மலேசியத் தமிழரின் தோட்ட வரலாற்றைப் பின்புலமாகக் கொண்ட அப்படத்தின் இறுதியில் திரை இருள்கின்றது. துப்பாக்கி ஓசை கேட்கின்றது. என்ன நிகழ்ந்தது என்பது காண்போர் முடிவுக்கே விடப்படுகின்றது. மலேசியாவில் திரையிட்ட படத்திலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் பொருள்பட ஓர் எழுத்துக்குறிப்பு சேர்க்கப்பட்டது. குற்றவாளி தப்பினான் என்றோ, சட்டத்துக்கு வெளியே முடிந்தான் என்றோ மக்கள் பொருள்கொண்டுவிடலாகாது என்பதே அக்குறிப்பின் நோக்கமாதல் வேண்டும்.

ஒரு வரி எழுதிப் பொருளை அடைத்துவிட முடியுமா? முடிவு மாற்றப்பட்ட செய்தியே பத்திரிகைகளில் பேசுபொருளாயிற்று. படம் பார்த்தவர் கபாலியின் கதியோடு, இந்த வரி ஏன் சேர்ந்தது என்பதையும் ஆராயத் தொடங்கினர். அடைக்க வந்த வரியே புதிய பொருளுக்கு வாயிலாயிற்று.

2018 ஆகஸ்டில் பத்துமலையின் 272 படிகளுக்கும் பல வண்ணம் தீட்டியபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. குடமுழுக்குக்கான அழகு என்றது கோயில். இசைவு பெறாத மாற்றம் என்றது மரபுடைமைத் துறை. படம் எடுக்கத்தக்க காட்சி என்றனர் உலகெங்கிலும் இருந்து வந்தோர். காவடி சுமந்து ஏறுவோர்க்கோ அவை முன்போலவே நேர்த்திக்கடனின் படிகள்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

கேட்போர் விரும்பியவாறெல்லாம் பொருள் கொள்ளலாம் என்பதன்று இதனால் பெறப்படும் முடிபு. திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர் பதின்மர் என்பர். அவர் உரைகள் வேறுபடினும் மூலத்தின் சொல்லுக்கு அவர் அனைவரும் கட்டுப்பட்டே உரை கண்டனர். சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் கேட்போன் வாழ்வும் அறிவும் அச்சமும் ஆசையும் இயங்குகின்றன.

வகுப்பில் ஒரு பத்திரிகைச் செய்தியையோ கைப்பேசியில் வந்த காணொலியையோ வைத்து, "இதன் பொருள் என்ன?" என்று கேட்பதோடு ஆசிரியர் அமைதல் ஆகாது. "யார் சொன்னார்? யாருக்குச் சொன்னார்? நீ இப்படிப் பொருள்கொண்டாய். உன் அடுத்த வீட்டார் எப்படிக் கொண்டிருப்பர்? உன் பாட்டனார் தோட்டத்தில் இதனைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?" என்றும் கேட்டல் வேண்டும். தன் பொருளே ஒரே பொருள் என்று துரை நம்பியதன் விலையைக் கிள்ளான் கொடுத்தது. பிறர் கொண்ட பொருளையும் பொறுமையாகக் கேட்டறியும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமாயின், மொழிப்பாடம் அதன் பயனை அடைந்ததாகும்.